சித்தன்னவாசலில் இருந்து திருவையாறு வரை: பயணம், ஓவியம், இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவையாவது புதுக்கோட்டையில் இறங்கி, சித்தன்னவாசல், குடுமியான்மலை, தஞ்சாவூர் என்று போய்த் திருவையாற்றில் முடிப்பது என் வழக்கம். எல்லா இடமும் ஒன்றுக்கொன்று நூறு கிலோமீட்டர் தூரத்துக்குள்தான். முதல் தடவை ஒரு துக்கத்துக்குப் பிறகு, வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கிளம்பினேன். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. நடுவில் படம் வரையத் தொடங்கினேன், வீணை கற்கத் தொடங்கினேன். இதைப் பற்றிக் கேட்கும் நண்பர்களுக்கும் அவர்கள் மூலம் எழுதிக் கேட்டவர்களுக்கும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

"தன்னை அறிதல்" என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

பெரிய தத்துவம் எதையும் சொல்லவில்லை. எனக்கு எங்கே பொறுமை போகிறது, எதன் முன்னால் நேரம் போவது தெரியாமல் நிற்கிறேன், பிடிக்கும் என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தது உண்மையிலேயே பிடிக்கிறதா, இந்த மாதிரி விஷயங்கள்தான். வீட்டில் இவை கண்ணில் படுவதில்லை. அங்கே எல்லாவற்றுக்கும் கைவசம் பதில் இருக்கிறது.

கண்ணை மூடி உட்கார்ந்து "நான் யார்" என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்ததெல்லாம் கவலைதான்: பாங்க் கடன், அம்மாவின் முழங்கால், பையனின் பரீட்சை. வெளியே இருக்கும் ஒரு பொருளை, ஒரு சுவரையோ ஒரு ஸ்வரத்தையோ, கூர்ந்து கவனிக்க முயலும்போதுதான் என் பழக்கங்கள் எனக்குப் பிடிபட்டன. கீழே எழுதியிருப்பதெல்லாம் அப்படிப் பிடிபட்டவைதான்.

அதற்கு ஏன் புதுக்கோட்டையும் தஞ்சாவூரும்? இமயமலை, வெளிநாடு என்று போகக் கூடாதா?

தாராளமாகப் போகலாம். நான் போய்ப் பழகின வழி இது, எனக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும். இந்த வழியில் ஒரு வசதி உண்டு. ஓவியம், சிற்பம், இசை மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், அவை உண்டான இடத்திலேயே இருக்கின்றன. மொழி தெரியும், சாப்பாடு பழகினது, டவுன் பஸ்ஸிலேயே பெரும்பாலும் போய்விடலாம். வழி கண்டுபிடிப்பதிலேயே கவனம் முழுக்கச் செலவாகிவிடாது. இமயமலை பற்றிக் கடைசிக் கேள்வியில் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

சித்தன்னவாசலில் பார்க்க என்ன இருக்கிறது? அரை மணி நேரம் போதுமா?

புதுக்கோட்டையில் இருந்து 16 கிலோமீட்டர், அன்னவாசல் பக்கம். அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரைக்கு மட்டும் என்றால் அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம். முதல் தடவை நானும் அப்படித்தான் வந்தேன். விதானத்தில் ஒரு தாமரைக்குளம், தூண்களில் ஆடும் பெண்கள், நிறையச் சிதைந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான் என்று பட்டது.

மூன்றாவது தடவை போனபோது மழை பிடித்துக்கொண்டதால் இரண்டு மணி நேரம் உள்ளேயே இருக்க வேண்டியதாகிவிட்டது. கழுத்து வலிக்க வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் தெரிந்தது வெறும் பச்சைக் கலங்கல். கொஞ்ச நேரத்தில் இலைகள் பிரிந்து தெரிந்தன. அப்புறம் இலைகளுக்கு நடுவே ஒரு மீன். ஒரு மீன் கண்ணுக்குப் பிடிபட்டதும் மற்ற மீன்கள் தானாக வந்தன. அன்னப்பறவைகள், எருமைகள், யானைகள் வந்தன. தாமரை பறிக்கும் மூன்று ஆண்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் கையில் பூக்கூடை. இவ்வளவும் முதல் தடவையும் அதே விதானத்தில்தானே இருந்தது? நான்தான் பார்க்கவில்லை. "பார்த்தாச்சு" என்று எவ்வளவு சீக்கிரம் முடிவு செய்துவிடுகிறேன் என்பது அந்த மழையில்தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து என் மகன் பேசும்போதும் இதையேதான் செய்கிறேன் என்று தெரிந்தது. அவன் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நான் முழுவதும் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறேன்.

படத்தைப் பற்றிச் சில விவரங்கள் தெரிந்துகொண்டு போனால் நல்லது. இந்தக் குளம் சும்மா அழகுக்கு வரைந்தது இல்லை. தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் குரு, அறம் உரைக்கும் சமவசரணம் என்ற சபைக்குப் போகும் வழியில் வரும் தாமரைக் குளம் இது என்று சொல்கிறார்கள். முன்மண்டபத்துக் கல்வெட்டு, ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்கிறது. பாறை மேல் சுண்ணாம்புப் பூச்சு, அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை, கரி, காவி என்று மண்ணிலும் கல்லிலும் கிடைத்த நிறங்கள். அவ்வளவுதான் அவர்களிடம் இருந்த பொருள்.

கருவறைக்குள் போனால் தாழ்ந்த குரலில், வாயை மூடி, ஒரே ஸ்வரத்தில் முனகிப் பாருங்கள். ஸ்வரத்தை மெல்ல ஏற்றி இறக்கும்போது ஓரிடத்தில் அறை முழுவதும் சேர்ந்து முனகும். ஒரே பாறையில் குடைந்த சிறிய அறை, வழவழப்பான சுவர், ஆகவே குறிப்பிட்ட ஒரு ஒலி மட்டும் திரும்பத் திரும்ப மோதிப் பெருகுகிறது. அறிவியல் அவ்வளவுதான். ஆனால் அந்த ஒலி நெஞ்செலும்பில் வந்து இறங்கும்போது காரணம் எதுவும் ஞாபகத்துக்கு வராது.

மலை ஏறித் தயவுசெய்து ஏழடிப்பட்டத்தையும் பாருங்கள். பாறையில் வெட்டிய ஏழு படிக்குழிகளில் கால் வைத்துப் போக வேண்டும், பெயரே அதனால்தான். உள்ளே சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள். தலை வைக்கும் இடம் தலையணை மாதிரி மேடாக இருக்கும். ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமி என்ற பழங்காலத் தமிழ் எழுத்து இருக்கிறது. எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்காக இளையர் செய்துகொடுத்த இருப்பிடம் என்பது அதன் பொருள். ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ யாருக்கோ கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார். நான் அந்தப் படுக்கையைப் பார்த்தபோது, வீட்டில் வாங்க நினைத்திருந்த புது மெத்தையின் ஞாபகம் வந்தது. மெத்தையை வாங்கினேன். ஆனால் வாங்குவதற்கு முன்னால் மூன்று மாதம் யோசித்தேன்.

எனக்குப் படம் வரைய வராது. ஆனாலும் நோட்டும் பென்சிலும் கொண்டுபோகலாமா?

கட்டாயம் கொண்டுபோங்கள். வராதவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும்.

சித்தன்னவாசல் தாமரை ஒன்றை வரைந்துகொண்டு வந்து, வீட்டில் அச்சான ஒரு புகைப்படத்தோடு வைத்துப் பார்த்தேன். நான் வரைந்தது அந்தத் தாமரை இல்லை. நடுவில் நிமிர்ந்த ஒரு இதழ், இரண்டு பக்கமும் ஒரே அளவாக மும்மூன்று இதழ்கள், கீழே ஒரு காம்பு. பள்ளிக்கூடத்தில் வரையச் சொல்லிக்கொடுத்த தாமரை அது. கண் முன்னால் ஒரு பூ இருந்தும் கை, தனக்குத் தெரிந்த பூவையே போட்டிருக்கிறது. அங்கே இருக்கும் தாமரைகளில் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்திருக்கும், ஒன்று பாதி மலர்ந்திருக்கும், ஒன்றின் இதழ் இலைக்குப் பின்னால் மறைந்திருக்கும்.

மறு வருடம் அதே பூவை மறுபடி வரைந்தேன். இந்தத் தடவை இதழ்களை வரையவில்லை. இதழ்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளை மட்டும் வரைந்தேன். அப்படி வரைந்தால் கைக்குப் பழைய தாமரை வராது. படம் அழகாக இல்லை, ஆனால் அங்கே இருக்கும் பூவாக இருந்தது. அந்த ஒரு பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மனிதர்களையும் நான் இப்படி முன்னமே தெரிந்த ஒரு வடிவத்தில் வரைந்து வைத்திருக்கிறேனா என்ற சந்தேகம் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் வருகிறது. என் அக்காவோடு ஒன்பது வருடம் பேசாமல் இருந்தேன். மறுபடி பேசத் தொடங்கியதற்கு இந்தத் தாமரையும் ஒரு காரணம் என்று சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.

குடுமியான்மலை இசைக் கல்வெட்டை என்னால் படிக்க முடியாதே. போய் என்ன செய்வது?

படிக்க முடியாது என்பதுதான் அங்கே விசேஷம். சிகாநாதர் கோயிலுக்குள் நுழைந்து பின்னால் போனால், மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்தில் பாறைச்சரிவில் வரிவரியாக வெட்டியிருப்பார்கள். கிரந்த எழுத்து, 7ஆம் நூற்றாண்டு. மகேந்திரவர்ம பல்லவன் வெட்டியது என்று பலர் சொல்வார்கள், ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. கல்வெட்டு தன் அரசனை உருத்திராசாரியரின் மாணவன் என்று மட்டும் சொல்கிறது. மாணவர்களின் நன்மைக்காக என்றும் சொல்கிறது. தமிழில் ஒரு சிறு குறிப்பும் உண்டு: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய."

ஏழு பகுதிகள், ஏழு பழைய ராகங்கள். ஸ்வரங்களை நான்கு நான்காகக் கட்டி எழுதியிருக்கிறார்கள். ஸ, ரி, க என்று ஒரே மாதிரி எழுதாமல், ர, ரி, ரு, ரெ என்று உயிரெழுத்தை மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். அந்த மாற்றம் எதைக் குறிக்கிறது என்று அறிஞர்கள் பல விதமாகச் சொல்கிறார்கள்.

எனக்கு ஸ்வரம் கொஞ்சம் தெரியும், கிரந்தம் தெரியாது. அந்தப் பாறை முன்னால் உட்கார்ந்து, புரியாத ஒன்றின் முன்னால் எனக்கு என்ன ஆகிறது என்று கவனித்தேன். முதல் ஐந்து நிமிடம் எரிச்சல். உடனே போனை எடுத்து யாராவது விளக்கியிருக்கிறார்களா என்று தேடும் ஆசை. அதை அடக்கியபின் ஒரு விதமான அமைதி. வெட்டியவர் கையில் உளி எப்படிப் போயிருக்கும், ஒரு எழுத்து தவறினால் பாறையில் என்ன செய்திருப்பார் என்றெல்லாம் யோசனை போயிற்று. புரியாததோடு சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வருகிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். என் வேலையில் இதற்கு இடமே இல்லை. அங்கே கேள்வி வந்த அன்றே பதில் போக வேண்டும்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் எப்போதும் கூட்டம். அங்கே எப்படி நிதானமாகப் பார்ப்பது?

காலை ஆறரை மணிக்குப் போங்கள், அல்லது எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். நான் விமானத்தைக் கூட நிமிர்ந்து பார்க்காமல் சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்த நாட்கள் உண்டு.

1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில். அந்தச் சுவர்களில் இருக்கும் எழுத்து ஒரு ஊரின் கணக்குப் புத்தகம் மாதிரி. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லில் வெட்டுக என்று அரசன் சொல்கிறான். தான் கொடுத்ததற்கு அடுத்தபடியாகத் தன் அக்காவைச் சொல்கிறான், கடைசியில் பெயர் தெரியாத மற்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறான். மதிற்சுவரில் 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் இருக்கிறது. கோயிலில் ஆடப் பல ஊர்க் கோயில்களில் இருந்து வரவழைக்கப்பட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் வருடத்துக்கு 100 கலம் நெல், ஒரு வீடு. "தெற்குத் தளிச்சேரி தென்சிறகு தலைவீடு" என்று கதவு எண் மாதிரி முகவரியோடு பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்குப் பிறகும் அந்தத் தெருவில் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். அவர்கள் தங்கள் ஊரை விட்டு வந்ததைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு மட்டும் சுவரில் இடம் இல்லை. கல்யாணமாகி ஊர் மாறி வந்த எந்தப் பெண்ணும் அந்தப் பட்டியல் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பாள் என்று நினைக்கிறேன். நான் நின்றேன்.

விமானத்தின் மேல்தளத்தில் சிவன் ஆடும் கரணங்கள், அதாவது நடன நிலைகள், இருக்கின்றன. நாட்டிய நூல் சொல்வது 108. இங்கே செதுக்கியது 81. மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. சோழர் கால ஓவியங்களோ கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் அவற்றின் மேலேயே வேறு ஓவியம் வரைந்துவிட்டதால் மறைந்துபோயிருந்தவை. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, உதிர்ந்த பூச்சுக்கு அடியில் அவற்றைக் கண்டார். இரண்டு இடங்களுக்கும் பொதுமக்களை விடுவதில்லை. வளாகத்தில் படங்களாக வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கலாம். வெறுமையாக விட்ட அந்தக் கற்களை நான் நேரில் பார்த்ததே இல்லை, இருந்தும் அவற்றைத்தான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரே ஒரு சிற்பத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எது?

தஞ்சாவூர் அரண்மனை வளாகத்துக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனர், காளை மேல் சாய்ந்து நிற்கும் சிவன். செப்புத் திருமேனி, 1011. பாம்பைச் சேர்த்துச் சுற்றின தலைப்பாகை போலச் சடை, ஒரு காலை மற்றொன்றின் குறுக்கே வைத்து ஒயிலாக நிற்பார். ஒரு கை பக்கவாட்டில் மடங்கி, எதன் மேலோ சாய்ந்திருக்கும். அவர் சாய்ந்திருந்த காளை இப்போது இல்லை. கை மட்டும் காற்றில் இருக்கிறது. முழங்கையில் இருந்து விரல் நுனி வரை பாருங்கள். காளையின் உயரம், அதன் முதுகின் வளைவு, அது அசையாமல் நிற்கும் பழக்கம் எல்லாம் அந்தக் கையிலேயே தெரியும். பக்கத்தில் தேவி நிற்கிறாள், அடுத்த வருடம் வார்த்தது.

அப்பா இறந்த வருடம், இதன் முன்னால் நின்று நான் அழுதேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் அம்மா கட்டிலில் இருந்து எழும்போது, அப்பாவின் தோள் இருக்க வேண்டிய உயரத்தில் கையை நீட்டியதைப் பார்த்தேன்.

எனக்கு ராகம் எதுவும் தெரியாது. கச்சேரி கேட்டு என்ன ஆகப்போகிறது?

ராகத்தின் பெயர் தெரிந்தால் பேசச் சௌகரியம், கேட்பதற்கு அது அவசியமே இல்லை. முதலில் தம்பூராவை மட்டும் கேளுங்கள். சொல் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனை தொடங்கினால், பாடுகிறவர் எந்த ஸ்வரத்தில் வந்து வந்து நிற்கிறார் என்று கவனியுங்கள். அது பிடிபட்டால் பாதி ராகம் பிடிபட்ட மாதிரி. கவனம் எத்தனை தடவை ஓடிப்போகிறது, எங்கே ஓடிப்போகிறது என்பதையும் பாருங்கள். எனக்கு மிருதங்கம் மாதிரித் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது மட்டும் மனசு எங்கும் போவதில்லை. சின்ன வயதில் பாட்டி வீட்டில் நெல் குத்தும் சத்தத்தில் தூங்கினவள் நான், ஒருவேளை அதனால் இருக்கலாம்.

நாற்பது வயதில் வீணை கற்கத் தொடங்கலாமா? அது தன்னை அறிய உதவுமா?

தொடங்கலாம். நான் நாற்பத்திரண்டில் தொடங்கினேன். விரல் நுனி தடிக்கும் வரை முதல் இரண்டு மாதம் வலிக்கும், அவ்வளவுதான்.

வீணை வாங்கும் முன் தஞ்சாவூரில் அதைச் செய்யும் பட்டறை ஒன்றில் ஒரு மத்தியானம் உட்கார்ந்திருந்தேன். முதிர்ந்த பலா மரம். குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை, இல்லாவிட்டால் ஒட்டு வீணை. கடைசி வேலைதான் நுட்பம்: மேளம் கட்டுவது. தேன்மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின் மேல் வரம்பு மாதிரி வைத்து, அதில் 24 மெட்டுகளை, அதாவது விரல் வைத்து வாசிக்கும் குறுக்குக் கட்டைகளை, பதிக்கிறார்கள். தந்தியை மீட்டிக் காதால் கேட்டு, ஒவ்வொரு மெட்டையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்துகிறார்கள். அன்று வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒரு மெட்டை ஏழெட்டுத் தடவை நகர்த்தினார். எனக்கு இரண்டாவது தடவையிலேயே சரியாக இருப்பது போலக் கேட்டது. "இன்னும் சேரலைம்மா" என்றார். எட்டாவது தடவை சேர்ந்தபோது எனக்கும் வித்தியாசம் கேட்டது. சேர்ந்ததைக் கேட்ட பிறகுதான் முன்னே இருந்தது சேராதது என்று தெரிகிறது.

வகுப்பில் நான் அறிந்துகொண்டது வேறு. சரளி வரிசை என்ற ஆரம்பப் பயிற்சியை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் கடைசி நாலு ஸ்வரம் வரும்போது என் கை ஓடிவிடும். எனக்கே தெரியாது. வீணை சொல்லிக்கொடுக்கும் மாமி ஒரு நாள் தாளம் போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "யாரும்மா உன்னைத் துரத்தறா?" யாரும் துரத்தவில்லை. ஆனால் சாப்பாட்டின் கடைசி நாலு கவளம், கடிதத்தின் கடைசி வரி, ஆஸ்பத்திரியில் அப்பாவோடு இருந்த கடைசி வாரம், எல்லாவற்றையும் நான் இப்படி ஓடித்தான் முடித்திருக்கிறேன். இப்போதும் ஓடுகிறேன், ஆனால் ஓடும்போது எனக்கே கேட்கிறது.

திருவையாறு ஆராதனைக்குப் போகலாமா? கூட்டத்தில் என்ன அமைதி கிடைக்கும்?

அமைதிக்காகப் போகாதீர்கள். தியாகராஜர் (1767-1847) மறைந்த புஷ்ய பகுள பஞ்சமி பெரும்பாலும் ஜனவரியில் வரும். அன்று காலை பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடுவார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. தனியாகப் பாடும்போது நாம் நம் குரலைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அங்கே நம் குரல் நமக்கே கேட்காது. பாடுகிறோம் என்று தொண்டை சொல்லும், காதில் எல்லோருமாகத்தான் விழும். எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது.

இரண்டாவதாக வரும் கௌளைக் கீர்த்தனையின் பொருளைத் தெரிந்துகொண்டு போங்கள். தெலுங்கில் இருக்கும் அந்தப் பாட்டில் தியாகராஜர் தன் குற்றங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். ஸ்வரமும் லயமும் அறியாமல், கல்மனத்தோடு இருந்துகொண்டே நல்ல பக்தர்களுக்குச் சமம் என்று எண்ணினேன் என்று ஓரிடத்தில் சொல்கிறார். ஸ்வர லயத்தில் அவருக்கு மேல் யார்? அவரே அப்படித் தன்னைப் பார்த்திருக்கிறார். அதை நூற்றுக்கணக்கானவர்கள் தாளம் போட்டுச் சேர்ந்து பாடும்போது, அவரவர் கணக்கும் அதில் சேர்ந்துகொள்கிறது.

சமாதிக்கு எதிரே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் பெண்ணின் சிலையையும் பாருங்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952). தேவதாசி மரபில் வந்தவர். பாழடைந்து கிடந்த இந்த இடத்தைத் தன் சொத்தைச் செலவழித்து மீட்டுக் கோயில் எழுப்பினார். 1920களின் நடுவில் குடமுழுக்கு நடந்தது. அப்போது ஆராதனை நடத்தியவர்கள் பெண்களைப் பாட விடவில்லை. அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். 1940இல்தான் எல்லாம் ஒன்றாகி ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில் பாடத் தொடங்கினார்கள். இன்று நான் அங்கே உட்கார்ந்து வாய் திறக்க முடிகிறதென்றால் அது அவரால்.

கூட்டம் ஒத்துவராது என்றால் வேறு ஏதாவது மாதத்தில் போங்கள். கோடையில் காவிரி வெறும் மணலாக இருக்கும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்தபின் போனால் படித்துறையில் உட்காரலாம். வரும்போது அசோகா வாங்காமல் வராதீர்கள், பாசிப்பருப்பில் செய்வது, சுடச்சுடச் சாப்பிட வேண்டும்.

தனியாகப் போவதா, துணையோடு போவதா?

பார்க்கும்போது தனியாக, சாப்பிடும்போது துணையோடு. பெண்கள் தனியாகப் போவதில் இந்த வழியில் எனக்குச் சிக்கல் வந்ததில்லை. ஆனால் ஏழடிப்பட்டத்துக்கு ஆளில்லாத நேரத்தில் தனியாக ஏறாதீர்கள், பாறை வழுக்கும், வெயிலும் கொடுமை.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தும். என்னோடு இரண்டு தடவை வந்த தோழிக்கும் நம்பிக்கை கிடையாது. ஏழடிப்பட்டத்தில் என்னைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தது அவள்தான்.

போனில் படம் எடுக்கலாமா?

சித்தன்னவாசல் ஓவியங்களைப் படமெடுக்க அனுமதி இருக்காது என்று நினைத்துக்கொண்டே போங்கள். மற்ற இடங்களில் கிளம்பும்போது கடைசியாக எடுங்கள். முதலில் எடுத்துவிட்டால் கண் ஓய்வெடுத்துக்கொள்ளும். நான் அன்றன்று ராத்திரி ஐந்து வரி எழுதிவைக்கிறேன். என்ன உணர்ந்தேன் என்று எழுதுவதில்லை, என்ன பார்த்தேன் என்று மட்டும். உணர்ந்தது தானாக வரிகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

போனேன், பார்த்தேன், கேட்டேன். ஒன்றுமே தோன்றவில்லையே?

தோன்றாமல் போகலாம். பல தடவை எனக்கும் பஸ் கூட்டமும் கால் வலியும்தான் மிச்சம். அழுகை வரவில்லை, சிலிர்ப்பு வரவில்லை என்பதற்காக ஏதோ குறை என்று எண்ண வேண்டாம். ரிஷபவாகனர் கை எனக்கு விளங்க இரண்டு வருடம் ஆயிற்று, அதுவும் தஞ்சாவூரில் இல்லை, எங்கள் வீட்டுக் கட்டில் பக்கத்தில். ஒன்று மட்டும் சொல்வேன்: தோன்றாததைத் தோன்றியதாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது அடுத்த தடவை பார்ப்பதையும் கெடுத்துவிடும்.

காசும் லீவும் இல்லாதவர்கள் என்ன செய்வது? தூரம் போனால்தான் எதுவும் கிடைக்குமா?

இதற்குப் பதில் திருவையாற்றிலேயே இருக்கிறது. அப்பர் வயதான காலத்தில் கயிலாயத்தைப் பார்க்கக் கிளம்பினார் என்கிறது பெரியபுராணம். நடந்து நடந்து பாதம் தேய்ந்தது. கையால் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், கடைசியில் உருண்டார். அதுவும் முடியாமல் வழியில் கிடந்தபோது, பக்கத்துப் பொய்கையில் மூழ்கச் சொல்லிச் சிவன் கட்டளையிட்டார். அங்கே மூழ்கி எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கயிலாயக் காட்சி அங்கே கிடைத்தது.

அப்போது பாடின பதிகத்தில் பனிமலை வரவில்லை. முதல் பாட்டில் பெண்யானையோடு வரும் களிறு. அப்புறம் பாட்டுக்கு ஒரு ஜோடியாகக் கோழி, குயில், மயில், பன்றி, நாரை, கிளி, கடைசியில் இளம்பசுவைத் தழுவி வரும் காளை. ஊரில் நாளும் கண்ணில் படும் உயிர்கள்தான். அவற்றைப் பார்த்துத்தான் "கண்டறியாதன கண்டேன்" என்கிறார். எண்பது வயது வரை ஊர் ஊராக நடந்தவர், கோழியை முன்னால் பார்க்காதவரா?

போன தை மாதம் ஐயாறப்பர் கோயிலில் அந்தப் பதிகத்தை ஓதுவார் பாடக் கேட்டேன். காந்தாரப் பண். மெதுவாகத்தான் பாடினார். கேட்டுவிட்டுப் படித்துறைக்கு வந்து நோட்டைத் திறந்து அன்றைய ஐந்து வரிகளை எழுதினேன். அக்கரை மணல்திட்டில் இரண்டு நாரை. துணி துவைக்கும் கல்லின் மேல் ஒரு சேவல், கொஞ்சம் தள்ளிப் பெட்டை. அரசமரத்தில் குயில் சத்தம், குயில் தெரியவில்லை. ஒரு பசுவும் கன்றும் தண்ணீர் குடிக்கின்றன. கன்றின் இடது காதில் மஞ்சள் வில்லை.